பாலம்மாள் பெயருக்கு ஒரு காரணம்

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் யாருக்காவது புகழ் தேவைப்பட்டால் புகழேந்தியிடம்தான் வருவார்கள். பெற்றவர்கள் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, மனுஷன் அதைத் தனக்கு இடப்பட்ட உத்தரவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். பகலெல்லாம் சிவகாசி அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை. வேலை முடிந்தால் கையில் மைக். கடைத் திறப்பு, காதணி விழா, முதலாளி வீட்டு அறுபதாம் கல்யாணம் என்று எங்கே பொன்னாடை விரிகிறதோ அங்கே அவர் குரல் கேட்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்காதவரைக் 'கல்விக்கண் திறந்த வள்ளல்' என்பார். தன் கம்பெனி வாசலில் ஒரு தண்ணீர்ப்பானை வைக்காதவரைத் 'தாகம் தீர்க்கும் தங்கம்' என்பார். சொல்லுகிற விதத்தில், கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆளுக்கே தன்மேல் ஒரு மரியாதை பிறந்துவிடும்.

அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. புகழுக்குக் காரணம் வேண்டும். இல்லாவிட்டால் நாம்தான் உண்டாக்க வேண்டும். வரிசையும் முக்கியம். முதலில் பெரிய முதலாளி, அடுத்து சின்ன முதலாளி, அப்புறம்தான் மேனேஜர். ஒருமுறை வாய் தவறி மேனேஜரைச் சின்ன முதலாளிக்கு முன்னால் சொல்லிவிட்டார். அந்த சீசன் முழுக்க அவர் கைக்கு மைக் வரவில்லை.

கோயிலுக்கு அவர் வந்தது மனைவி மாரிசெல்வி வழியாக. அவள் பிறந்த வீட்டில் கிறிஸ்தவ வேதக்காரர்கள். கல்யாணம் முடிந்து இவரும் ஞானஸ்நானம் எடுத்தார். புதுப்பெயர் வைப்பதா என்று பேச்சு வந்தபோது ஐயர், கர்த்தரைத் துதிக்க இதைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார். பாவம், மாதம் ஒருமுறை சிவகாசியிலிருந்து வந்து போகும் குருவானவர் அவர். அவருக்கு ஆளைப் பற்றித் தெரியாது.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று காதில் விழுந்த மாத்திரத்திலேயே புகழேந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிதா பெரிய முதலாளி. கம்பெனியை ஆரம்பித்து வைத்துவிட்டு மேலே உட்கார்ந்திருப்பவர். குமாரன் சின்ன முதலாளி. நேரில் இறங்கி ஆட்களோடு பழகிக் கெட்ட பெயர் வாங்கியவர். பரிசுத்த ஆவி மேனேஜர். கண்ணில் தட்டுப்படமாட்டார், ஆனால் வேலை ஓடுவது அவரால்தான். இந்தக் கண்டுபிடிப்பை ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கும் உபதேசியார் ஜெயச்சந்திரனிடம் பெருமையாகச் சொல்ல, அவர் பதறிப்போய் ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஐயர் பொறுமையாகச் சொன்னார். மூன்று பேரும் ஒரே தேவன். ஒருவர் பெரியவர், ஒருவர் சின்னவர் என்பது இல்லை. முந்தினவர் பிந்தினவரும் இல்லை. மகிமை மூவருக்கும் ஒன்றேதான். புகழேந்தி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பங்கு சமமாகப் பிரித்த கூட்டு வியாபாரம் என்று சொல்லுங்கள் என்றார். ஐயர், சூலக்கரைப் பக்கம் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஞாயிறுதோறும் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்து முடித்ததும் சபையார் எல்லோரும் எழுந்து நின்று, பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக என்று சொல்வார்கள். புகழேந்திக்கு அந்த வரியில் பெரிய மதிப்பு கிடையாது. ஓர் அடைமொழி உண்டா? இன்ன உதவி செய்தீர் என்று உண்டா? கடைசியில் எங்களுக்கு இன்னது வேண்டும் என்று ஒரு விண்ணப்பமாவது உண்டா? முன்னே இருந்த மாதிரியே இப்போதும் எப்போதும் மகிமை, அவ்வளவுதான். இதை ஒரு முதலாளி வீட்டு விழாவில் சொன்னால், போட்ட மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சபை அதைச் சொல்லுகிற நேரத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

அவருடைய ராஜ்ஜியம் ஸ்தோத்திரப் பண்டிகைதான். வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி கழிந்து நடக்கும். பந்தல் போட்டு, ஆடு அடித்து, ஊருக்கே சாப்பாடு. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் காணிக்கையைக் கவரில் போட்டு, மேலே பெயரையும் அதற்குக் கீழே காரணத்தையும் எழுதிக் கொடுக்கும். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக என்று இருக்கும். அவற்றை மைக்கில் வாசிக்கும் பொறுப்பு புகழேந்திக்கு வந்தது. வந்த வருஷத்திலிருந்து பண்டிகையின் போக்கே மாறிப்போனது. பெத்தணன் பல்வலி தீர்ந்ததற்காக என்று எழுதிக் கொடுத்ததை, 'வைத்தியர்களும் கைவிட்ட வேதனையின் பள்ளத்தாக்கிலிருந்து நம் சகோதரரைத் தூக்கி எடுத்த தேவனுக்கு' என்று வாசித்தார். பெத்தணன் காரியாபட்டியில் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தவர். அவரே கண் கலங்கிவிட்டார்.

அதற்கப்புறம் காரணங்களில் போட்டி வந்துவிட்டது. வெறும் காய்ச்சல் தீர்ந்ததெல்லாம் எடுபடவில்லை. லாரி மோதாமல் தப்பியது, பாம்பு கடிக்காமல் விலகிப் போனது என்று கனமான சரக்காக வர ஆரம்பித்தன. அந்த வருஷம் ஒரு நல்லதும் நடக்காத வீட்டுக்காரர்கள் பந்தலின் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். கர்த்தர் தங்களைக் கவனிக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அவர்களுக்கு வெட்கம். புகழேந்தி அதைக் கவனித்ததில்லை. மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசைதான் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

மாரிசெல்விக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. புகழேந்தியின் அச்சகமும் அந்தக் கம்பெனியும் ஒரே முதலாளி குடும்பத்துக்குச் சொந்தம். அன்றைக்குக் கத்திரி வெயில். வெடிமருந்து செலுத்தும் அறையில் உட்கார்ந்திருந்த மாரிசெல்விக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. லேபிள் ஒட்டுகிற ஷெட்டில் இருந்த பாலம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நீ அங்கன போயி லேபிள் ஒட்டு மாரி, நான் இங்கன உக்காந்துக்கிறேன்" என்றாள். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே கம்பெனி வேனில் போய் வருகிறவர்கள். இடம் மாற்றிக்கொள்வது தினமும் நடக்கிற காரியம். மாரிசெல்வி முதல் லேபிளை ஒட்டி முடிக்கவில்லை, அந்த அறை இருந்த இடத்தில் அறை இல்லை.

பாலம்மாளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எழுத மனசு வரவில்லை. நல்ல பொம்பளை. அடுத்தவளுக்குத் தலை சுற்றினால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். அதற்காகத்தான் செத்தாள். பேப்பரில் உராய்வு காரணம் என்று போட்டார்கள். உராய்வு பாவம், அது வந்து மறுப்பு சொல்லப்போகிறதா!

மாரிசெல்வி அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. பாலம்மாளின் புருஷன் சீனிச்சாமி, லோடு ஏற்றுகிறவர், தெருவில் எதிரே வந்தால் இவள் வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஆடி முடியப்போகும் சமயத்தில் உபதேசியார் ஜெயச்சந்திரனும் பண்டிகைக் கமிட்டிக்காரர்களும் புகழேந்தியைத் தேடி வந்தார்கள். இந்த வருஷம் காரணங்களுக்கெல்லாம் ராஜாவாக ஒரு காரணம் அவர் வீட்டிலேயே இருக்கிறதே என்றார்கள். அக்கினிச் சூளைக்கு நடுவிலிருந்து ஒரு மகளைத் தேவன் தூக்கி எடுத்திருக்கிறார். மாரிசெல்வி மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும், புகழேந்தி அதை வாசித்து அறிமுகம் செய்ய வேண்டும். கம்பெனியின் சின்ன முதலாளி ஹரிஷ்குமார் வந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். சம்பவத்துக்கப்புறம் கம்பெனிக்கும் ஒரு நல்ல பெயர் வேண்டியிருந்தது அல்லவா.

புகழேந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வாரமே ஃபிளெக்ஸ் தயார். கல்யாண போட்டோவிலிருந்து மாரிசெல்வியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து நடுவில் வைத்தார்கள். சுற்றிலும் தீ வேண்டும். தீக்கு எங்கே போவது? பூச்சட்டிப் பட்டாசு டப்பா லேபிளுக்கு வரைந்த தீ அச்சகத்தில் இருந்தது. அதையே எடுத்து அவளைச் சுற்றி ஒட்டிவிட்டார்கள். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

அதன் ஃபோட்டோவைப் போனில் கொண்டுவந்து காட்டியபோது மாரிசெல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். புகழேந்தி தான் எழுதி வைத்திருந்ததை உணர்ச்சியோடு படித்தும் காட்டினார். தலைச்சுற்றலின் ரூபத்தில் வந்த தேவ கிருபை, கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்ற தூதன் என்று போய்க்கொண்டிருந்தது. அவள் முடியும்வரை கேட்டாள்.

"என்னையக் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனது கர்த்தருன்னா, பாலம்மாக்காவக் கையப் புடிச்சு உள்ள உக்கார வச்சது யாரு? அதையும் சேத்துப் படிங்க."

புகழேந்தி வாயைத் திறந்தார். இம்மாதிரி இடத்துக்கென்று அவரிடம் கைவசம் வசனங்கள் உண்டு. தேவனுடைய வழிகள் நம்முடைய வழிகள் அல்ல என்று ஆரம்பித்தார். மாரிசெல்வி வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மேடைக்கு வரமாட்டேன் என்று அங்கிருந்து சொன்னாள். தன் பெயரைப் படித்தால் பந்தலிலிருந்து எழுந்து போய்விடுவேன் என்றும் சொன்னாள்.

பொம்பளை வீம்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் இரண்டு நாள் ஆவதற்குள் சீனிச்சாமி வந்துவிட்டார். வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு காணிக்கைக் கவரை நீட்டினார். மேலே 'பாலம்மாள்' என்று எழுதியிருந்தது. காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"வருசா வருசம் போடுவா தம்பி. இந்த வருசம் நின்னுபோகக் கூடாதுன்னு கொண்டாந்தேன். என்ன காரணம்னு எழுதுறதுன்னுதான் எனக்குத் தெரியல. நீ நல்லா எழுதுவியே, நீயே பாத்து எழுதிக்க."

குத்திக் காட்டுகிறாரோ என்று புகழேந்தி முகத்தைப் பார்த்தார். குத்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. மனுஷன் நிஜமாகவே கேட்கிறார். ஊரிலேயே காரணம் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரன் இவன்தான் என்று நம்பி வந்திருக்கிறார். புகழேந்தி கவரை வாங்கிக்கொண்டார்.

வாங்கிவிட்டாரே தவிர, எழுத ஒன்றும் ஓடவில்லை. பல்வலிக்குப் பள்ளத்தாக்கு வரைந்த கை, பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. 'இன்பமான இல்லற வாழ்வைத் தந்ததற்காக' என்று எழுதலாமா என்று பார்த்தார். பாதியில் பிடுங்கிக்கொண்டதற்கா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. ஜெயச்சந்திரனிடம் போய்க் கேட்டார். அவர் சாப்பாட்டுப் பந்திக்கு அரிசி அளந்துகொண்டே, பரலோகத்தில் சேர்த்துக்கொண்டதற்காக என்று போட்டுவிடுங்கள் என்றார். அதை அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து மைக்கில் எப்படி வாசிப்பது என்று கேட்டதற்கு, முகத்தை ஏன் பார்க்கிறீர்கள், கவரைப் பார்த்து வாசியுங்கள் என்றார். நியாயமான யோசனைதான். இத்தனை வருஷமாக இவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழித்துக்கொண்டிருப்பதை மாரிசெல்வி பார்த்தாள். அருகில் வந்து உட்கார்ந்தாள். வெகுநாள் கழித்து அவளாகப் பேசினாள்.

"துக்க வீட்டுக்குப் போனா யாராச்சும் காரணம் சொல்லிக்கிட்டு இருப்பாகளா? நீங்க கும்பிடுறீகளே, அந்தப் பிதா வீட்டுலயும் ஒரு சாவு விழுந்துருக்குல்ல. பெத்த மகன ஆணியடிச்சுக் கொன்னாக. ஏன் என்னைய விட்டுட்டீருன்னு அந்த மகனும்தான் கேட்டாரு, மேலருந்து ஒரு பதிலும் வரல. அந்த வீட்டுல போயி நீங்க வருசா வருசம் ரிப்பன் வெட்டுறீக."

புகழேந்திக்குப் பெரிய முதலாளி ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் அவருடைய மூத்த மகன் நாலுவழிச் சாலையில் கார் விபத்தில் போய்விட்டான். இரங்கல் கூட்டத்துக்கும் புகழேந்திதான் மைக். வானத்து நட்சத்திரமாகிவிட்ட எங்கள் இளஞ்சிங்கமே என்று ஆரம்பித்தார். சோற்றைவிடப் புகழை அதிகம் விரும்பிச் சாப்பிடுகிற அந்தப் பெரிய மனுஷர் கையை உயர்த்தி, போதும்ப்பா என்றார். அப்புறம் யாரோ ஒரு வயசான லோடுமேன் போய் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொண்டான். பெரிய முதலாளி அவன் கையை விடவே இல்லை. அன்றைக்கு மட்டும் அங்கே முதலாளி யாரும் இல்லை, ஒரு தகப்பன்தான் இருந்தார்.

பிதாவுக்கும் குமாரனுக்கும் என்று சேர்த்துச் சொல்வது சாவு நடந்த வீட்டுக்குள் நுழைகிற பேச்சு என்று புகழேந்திக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே போய் நீர் இன்னது செய்தீர், அதனால் புகழ்கிறேன் என்பது எம்புட்டு அசிங்கம்! பக்கத்தில் போய் உட்காரலாம். எழுந்து நின்று மகிமை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதுவும் நம் வாயால் முடிகிற காரியமில்லை. அந்த மூன்றாவது ஆள் உள்ளே இருந்து சொல்ல வைத்தால்தான் உண்டு. கம்பெனியில் வேலையை ஓட்டுகிற மேனேஜர் என்று தான் அவரை நினைத்திருந்ததை எண்ணி அவருக்குக் கூசியது. இத்தனை நாளும் இந்த வரி வருகிற நேரத்தில் கண்ணாடி துடைத்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பண்டிகை அன்று பந்தல் நிறைந்துவிட்டது. பூச்சட்டித் தீக்கு நடுவில் மாரிசெல்வி பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜ மாரிசெல்வி கடைசி வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹரிஷ்குமார் பட்டு வேட்டியில் முன்வரிசை. பொன்னாடை தட்டில் தயார். புகழேந்தி கவர்களை வாசிக்க ஆரம்பித்தார். காரணங்களை எழுதியபடியே வாசித்தார். ஒரு தூதனும் வரவில்லை, ஒரு பள்ளத்தாக்கும் வரவில்லை. கூட்டம் நெளிந்தது. பெத்தணன் இந்த வருஷம் மூட்டுவலி தீர்ந்ததற்காகப் போட்டிருந்தார். அது மூட்டுவலியாகவே முடிந்துபோனதில் அவருக்கு வருத்தம்.

அவரே முன்பு எழுதி வைத்திருந்த மாரிசெல்வியின் கவர் வந்தது. பெயரை வாசிக்காமல் அதைக் காணிக்கைத் தட்டில் வைத்தார். ஜெயச்சந்திரன் ஓரத்திலிருந்து இருமினார். ஹரிஷ்குமார் பொன்னாடைத் தட்டைப் பார்த்தார். அடுத்த கவரை எடுத்தார் புகழேந்தி.

"பாலம்மாள்."

அவர் தலையைத் தூக்கிச் சீனிச்சாமி எங்கே என்று தேடினார். பந்தல் ஓரத்தில், ஒரு நல்லதும் நடக்காதவர்கள் உட்காரும் இடத்தில், கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் என்ன என்று ஊரே காத்திருந்தது. மைக் செட் போட்ட ஆள், மைக்தான் போய்விட்டது என்று ஆம்ப்ளிஃபயரைத் தட்டினான்.

"காரணம் எனக்குத் தெரியல" என்றார் புகழேந்தி. அப்புறம் எழுதி வைக்காத, அலங்காரம் செய்யாத அந்த ஒற்றை வரியைச் சொன்னார். பிதாவுக்கும், குமாரனுக்கும், பரிசுத்த ஆவிக்கும். குமாரனுக்கும் என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. அவர் விட்ட இடத்திலிருந்து கடைசி வரிசையில் மாரிசெல்வி எழுந்து மீதியைச் சொன்னாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள். ஜெயச்சந்திரன் வந்து, பண்டிகையையே சாவு வீடாக்கிவிட்டீர்களே, அடுத்த வருஷம் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார். போர்த்த ஆள் கிடைக்காத பொன்னாடையைக் கமிட்டிக்காரர்கள் கடைசியில் ஹரிஷ்குமாருக்கே போர்த்தி அனுப்பினார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தண்ணீர்த் தொட்டி அருகே சீனிச்சாமி காத்துக்கொண்டிருந்தார். புகழேந்தி பக்கத்தில் போய் நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று நாக்கு வழக்கம்போல் எழுந்தது, அடக்கிக்கொண்டார்.

"நீ சொன்னப்ப நான் சொல்லல தம்பி" என்றார் சீனிச்சாமி. "எனக்கு அவரு மேல கோவம் இருக்கு. வாய் வரல."

"சரிண்ணே."

"ஆனா விட்டுறவும் மனசு வரல. கோவம் தீருற வரைக்கும், நீ சொல்லும்போது என்னையும் சேத்துச் சொல்லு."

"சேத்துக்கிறேண்ணே" என்றார் புகழேந்தி.

இப்போதும் ஞாயிறுதோறும் அந்த வரி வருகிறது. சபை எழுந்து நிற்கும்போது சீனிச்சாமியும் எழுந்து நிற்கிறார், வாயைத் திறப்பதில்லை. முன்னால் நிற்கும் புகழேந்தி இரண்டு பேருக்குமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.